அப்பாயியின் முகத்தில் வெளிச்சம்

கோவில்பத்து பார்வதீஸ்வரர் கோவில் வாசலில் ஒரு சாயங்காலம் எடுத்த போட்டோ அது. பின்னால் பளீரென்று வானம், முன்னால் அப்பாயி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரி அப்பின மாதிரி இருட்டு. ஆனால் அப்பாயி தனியாக நிற்கும் படம் அது ஒன்றுதான். அவர் போன பிறகு, மாலை போடப் படம் வேண்டுமே என்று பேரன் அதை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தான். திரும்பி வந்ததைப் பார்த்து அத்தை கேட்டார்: "யாருடா இது? எங்கம்மா எப்படா இவ்ளோ செவப்பா இருந்தாங்க?"

பாதித் தப்பு கேமராவுடையது. எதிரே இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்றுதான் லைட் மீட்டர் நினைத்துக்கொள்ளும். வானம் நிறைய இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், அடிபடுவது முகம். கறுத்த முகமென்றால் கேட்கவே வேண்டாம். பிலிம் காலத்திலும் இதே கதைதான். பிரிண்ட் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் கொடுத்த 'ஷெர்லி கார்டு'களில் பல வருடங்கள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்கள்.

சரி, பேரன் என்ன செய்தான்? காசில்லாமல் கிடைக்கும் கிம்ப்பில் அசல் படத்தைத் திறந்தான். (போட்டோஷாப்பிலும் இதே வேலைதான். அதில் லேயர் வந்தது 1994-ல், 3.0 பதிப்பில்.) படத்தை டூப்ளிகேட் லேயராக்கி, மேல் லேயரின் மோடை 'ஸ்கிரீன்' என்று மாற்றினான். ஒரே திரையில் இரண்டு ப்ரொஜெக்டர் அடித்த மாதிரி வெளிச்சம் கூடும். 0 முதல் 255 வரையிலான அளவில் 50 இருந்த இடம் 90 ஆகும், 200 இருந்த இடம் 243. வெள்ளை 255-ஐத் தாண்டாது. முழுக்கறுப்பு 0 மட்டும் 0-வாகவே நிற்கும்.

வானமும் சேர்ந்து வெளுத்தது. மேல் லேயருக்கு மாஸ்க் போட்டு, வானம் இருக்கும் இடத்தில் கறுப்பு பிரஷ்ஷால் தேய்த்ததும் அது பழையபடி ஆனது. ஆசை விடவில்லை, இன்னொரு ஸ்கிரீன் லேயர். சேலையில் கலர் கலராகப் புள்ளி, கன்னத்தில் கட்டம் கட்டமாக! ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அப்பாயியின் முகத்துக்குக் கிடைத்தது அதில் அடிப்படிகள் கொஞ்சம். கணக்குப் புத்தகத்தில் ஏறாத வரவை எந்த ஆடிட்டர் காட்ட முடியும்? ஒபாசிட்டியை 30-க்கு இறக்கினான்.

ஸ்டுடியோவில் செய்தது வேறு வேலை. ஸ்கிரீன் லேயர் கல்தூண், சேலை, தோல் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் தூக்கும். அங்கே தோலை மட்டும் பிடித்து வெளுத்து, சுருக்கத்தையும் வழித்திருந்தார்கள். அழகை உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிய அம்மையாரின் காரைக்காலில் இப்படி! திருநீறே காட்டிக்கொடுத்தது. ஸ்டுடியோ படத்தில் அது நெற்றியோடு கலந்து காணாமல் போயிருந்தது. பேரனின் படத்தில் கறுத்த நெற்றியில் மூன்று கோடும் தனித்தனியாகத் தெரிந்தன.

அத்தை மானிட்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"கண்ணுக்குக் கீழ இன்னும் இருட்டா இருக்கேடா."

பேரன் மவுஸை எடுத்தான்.

"வேணாம், விடு. அங்க அப்படித்தான் இருக்கும்."