பொட்டி தட்டின கதை

புனே காத்துக்கு ரெண்டே மூடுதான். ஏப்ரல் மத்தியானத்துல ஈரப்பதம் 20 சதவீதத்தை ஒட்டி இறங்கிடும். ஜூலை, ஆகஸ்ட் காலைல 80-ஐத் தாண்டி நிக்கும். ஊர்லேர்ந்து மூட்டை கட்டிக்கிட்டு வர்ற அப்பளம், வடாம் எல்லாத்துக்கும் இது ஒரு பரீட்சை. புகையிலைக்கு இன்னும் கடுமை. காஞ்சு போனா மேல் இலை வெடிச்சு உதிரும். நமுத்துப் போனா வெள்ளையா பூஞ்சை பூக்கும்.

நான் பீடி, சிகரெட் எதையும் தொடாதவன். இந்த ஆராய்ச்சியெல்லாம் மாமனாருக்காக. உறையூர் வீட்டை வித்துட்டு மூணு வருஷம் முன்னாடி எங்களோட வந்துட்டார். வயசு 79. அவர் விட மாட்டேன்னு கொண்டு வந்தது ரெண்டே சாமான். ஒண்ணு, அத்தை கல்யாணத்துக்குச் சீரா கொண்டு வந்த தேக்கு மரப்பெட்டி. இன்னொண்ணு, சுருட்டுக் கட்டு.

உறையூர்ச் சுருட்டை லேசா நினைச்சுடாதீங்க மக்களே. இங்கிலீஷ்காரன் 'செரூட்'னு சொல்றானே, அதுவே நம்ம 'சுருட்டு'தான். வெள்ளைக்காரன் காலத்துல கப்பலேறி லண்டன் வரைக்கும் போன சரக்கு. 1887-ல் வந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவல்ல கொலைகாரன் பிடிச்சது திருச்சிச் சுருட்டுன்னு சாம்பலைப் பார்த்தே ஷெர்லாக் ஹோம்ஸ் சொல்லுவார். சர்ச்சில் பிடிச்ச சுருட்டாக்கும்னு ஊர்ல இன்னிக்கும் பெருமை பேசுவாங்க. கருப்பண்ணசாமி படையல்லயும் அதுக்கு ஒரு இடம் உண்டு.

இவ்வளவு பெருமையும் புனே மழைக்கு முன்னாடி செல்லுபடி ஆகலை. 100 சுருட்டு கொண்டு வந்தா ஒரு மாசத்துல காலி. மாமாவை அதட்டிக் கேட்க எனக்கு வாய் வராது. தங்கமணி கேட்டா. அதுக்கு அவர் சொன்ன பதில்தான் என்னை யோசிக்க வச்சது.

"கெட்டுப் போறதுக்குள்ள பிடிச்சுடணும்மா. காசு போட்டு வாங்கினது."

உறையூர்ல நாளுக்கு ஒண்ணு பிடிச்சவர். கடை பக்கத்துத் தெருவுல. வேணும்னா நடந்து போய் வாங்கிக்கலாம். இங்க அப்படி இல்லையேங்கிற பயத்துல நாளுக்கு மூணு. நாமளும் இதையேதான் பண்றோம். அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கை ஒரே வாரத்துல தின்னு தீர்க்கிறது பசியினாலயா என்ன?

ஆக, கெடாம வச்சுட்டா அவசரம் போயிடும்னு ஒரு கணக்கு போட்டேன். சுருட்டுக்குன்னே ஈரப்பதம் மாறாம வச்சிருக்கிற பெட்டி இருக்கு, ஹ்யூமிடார்னு பேர். விலையைப் பார்த்தா நமக்குத்தான் புகை வரும். பொட்டி தட்டிப் பிழைக்கிறவனுக்கு நிஜப் பொட்டி ஒண்ணைத் தட்ட வராதா என்ன? வீட்லயே தேக்குப் பெட்டி சும்மா கிடக்குதே!

சொன்னதுமே மாமா முகம் மாறிடுச்சு. "வேணாம் மாப்ளே. உங்க அத்தை இருந்த வரைக்கும் சுருட்டை வாசப்படி தாண்ட விட்டதில்லை. நாப்பத்தெட்டு வருஷம் திண்ணையிலதான் பிடிச்சேன். அவ பொட்டியில போய்ப் புகையிலை வைக்கிறதா?"

நான் வாயை மூடிக்கிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு தங்கமணி பெட்டியைத் திறந்து, உள்ள இருந்த அம்மாவோட கூறைப்புடவையை எடுத்துத் தன் பீரோவில் வச்சா. "அம்மா இருந்தா இந்தச் சாவி அவ இடுப்புலதான் இருக்கும். இனிமே என் இடுப்புல. வாரத்துக்கு ரெண்டு, வியாழன், ஞாயிறு. சரின்னா சொல்லுங்கப்பா, இல்லைன்னா வேணாம்."

மாமா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் கேட்டார்: "பொட்டியில ஆணி அடிப்பீங்களா?"

அடிக்க மாட்டேன்னேன். அதனால பிளான் இப்படி ஆச்சு: தேக்குப் பெட்டியைத் தொடாம, அதுக்குள்ள அப்படியே இறங்கி உட்கார்ற மாதிரி இன்னொரு பெட்டி. இதுல ஒரு லாபமும் உண்டு. அத்தை வருஷக்கணக்கா அந்துருண்டை போட்டு வச்ச பெட்டி அது. நாலு நாள் மொட்டை மாடியில வெயில்ல வச்சும் வாசனை போகலை. புகையிலை பக்கத்துல இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கும். இறுக்கமா மூடின உள்பெட்டி இருந்தா அந்தத் தொல்லை இல்லை.

உள்பெட்டிக்கு என்ன மரம்? வெளிநாட்டுல ஸ்பானிஷ் சீடர் போடுவாங்க. பேர்தான் சீடர், உண்மையில அது வேம்பு, மஹோகனி குடும்பம். ஈரத்தை வாங்கி வச்சு மெதுவா விடும், லேசுல முறுக்கிக்காது, வாசனைக்குப் பூச்சி அண்டாது. அதோட நெருங்கின சொந்தம் நம்ம நாட்டிலேயே இருக்கு. டூன் மரம். தமிழ்ல சந்தன வேம்பு. சுருட்டுப் பெட்டி செய்யவே பயன்பட்ட மரம்தான். பவானி பேட்டை டிம்பர் மார்க்கெட்ல ரெண்டு ஞாயித்துக்கிழமை அலைஞ்சு பலகை வாங்கினேன். பிளைவுட் வேண்டவே வேண்டாம், அதோட பசை வாடை இலையில ஏறிடும். உள்பக்கம் வார்னிஷும் கூடாது. அரை இஞ்ச் பலகை, மூலைக்கு மூலை ஃபெவிகால், ரெண்டு வாரம் காய விட்டேன். மூடி சரியா உட்காருதான்னு பார்க்க ஒரு பத்து ரூபா நோட்டை இடுக்குல வச்சு மூடி இழுக்கணும். சுலபமா வந்துட்டா காத்து போகுதுன்னு அர்த்தம். தச்சர் ஒருத்தர் வந்து மூடியை ரெண்டு தடவை இழைச்சுக் கொடுத்தார்.

அடுத்தது மீட்டர். டிஜிட்டல் ஈரப்பதமானி சின்னதா கிடைக்குது. அது சொல்றது நிஜமான்னு கண்டுபிடிக்க அடுப்பங்கரை போதும். பாட்டில் மூடியில உப்பு போட்டு, கரையாம சேறு மாதிரி ஆகிற அளவுக்குச் சொட்டுத் தண்ணி விட்டு, மீட்டரோட சேர்த்து ஜிப் கவர்ல ஒரு ராத்திரி மூடி வைங்க. காலைல 75 காட்டணும். 71 காட்டினா மீட்டர் நாலு குறைச்சலாச் சொல்லுதுன்னு கணக்குல வச்சுக்கலாம். ஈரம் கொடுக்க ஸ்பாஞ்சு வேண்டாம்னு முடிவு பண்ணினேன். மழைக்காலத்துல அது இன்னும் ஈரத்தைத்தான் சேர்க்கும். உப்புக் கரைசல் அடைச்ச பாக்கெட் விக்கிறாங்க. காஞ்சா கொடுக்கும், கூடினா வாங்கிக்கும். 65-க்குன்னு இருக்கிற பாக்கெட் ரெண்டு போட்டேன்.

புகையிலை வண்டுன்னு ஒண்ணு இருக்கு. மஞ்சள், மல்லியில விழுற அதே வண்டுதான். முட்டை இலைக்குள்ளேயே இருக்கும், சூடு ஏறினா பொரிக்கும். அதனால புதுக் கட்டை கவர்ல இறுக்கிக் கட்டி சில நாள் ஃப்ரீசர்ல வச்சு, ஒரு நாள் கீழ்த்தட்டுல வச்சு, அப்புறம்தான் வெளியே எடுக்கணும். தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்துல சுருட்டு இருந்த அந்த வாரத்தைப் பத்தி மேற்கொண்டு எதுவும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை :-)

மீட்டரை மாமா நம்பலை. ஒரு சுருட்டை எடுத்துக் காதுகிட்ட வச்சு விரலால லேசா உருட்டினார். "மொறுமொறுன்னும் இல்லை, சொதசொதன்னும் இல்லை. சரியா இருக்கு." மீட்டர்ல 66.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடணும். இது நல்ல பழக்கம்னு யாரும் எடுத்துக்காதீங்க. சுருட்டுப் புகையை உள்ள இழுக்காட்டியும் நிகோட்டின் வாய்த் தோல் வழியாவே ஏறிடும். வாய், தொண்டைப் புத்துநோய் சுருட்டுக்காரங்களையும் விடுறதில்லை. இங்க பார்க்கிற டாக்டர் கணக்குல பாஸ் மார்க் பூஜ்யம்தான், ரெண்டு இல்லை. 79 வயசுல வீடு, தெரு, கூட இருந்தவ எல்லாம் போன மனுஷன்கிட்ட இதையும் பிடுங்கணுமாங்கிறதுக்கு எங்க வீட்ல இன்னும் முடிவு கிடையாது. தங்கமணி ஒரு பக்கம் டாக்டர், இன்னொரு பக்கம் மகள். சில வியாழக்கிழமை சாவி 'காணாம' போகும். மாமாவும் தேடச் சொல்ல மாட்டார்.

ஏப்ரல்ல வாங்கின 100-ல் ஜூலைக் கடைசியில எண்ணினா 72 இருந்தது. கொட்டுற மழையிலயும் ஒண்ணுல கூடப் பூஞ்சை இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போறோம், எத்தனை வாங்கட்டும்னு மாமாகிட்ட கேட்டேன்.

"இருக்கிறதே போதும் மாப்ளே. அது எங்க போயிடப் போகுது."