சைகோன் நாற்சந்தியில் நான் காத்த மௌனம்

ஐம்பத்தாறு வயதில், ஸ்கூட்டரின் பின் இருக்கையில் அமர்ந்து அயல்நாட்டு நகரமொன்றைச் சுற்றி வருவேன் என நான் கனவிலும் எண்ணியதில்லை. பங்கில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவன்தான். ஆயினும் பிறர் ஓட்ட, பின்னால் அமர்ந்து செல்வது வேறு அனுபவம். கையில் பிடிமானம் குறையும். வாயில் செபம் கூடும்.

என் தமக்கையின் மகன் வியட்நாமில், சைகோன் நகரில் பணிபுரிகிறான். 1976 முதல் அரசு அந்நகருக்கு வழங்கும் பெயர் ஹோ சி மின் நகரம். எனினும் மக்கள் பேச்சில் சைகோன் என்னும் பழம்பெயரே இன்றும் வாழ்கிறது. விடுமுறைக்கு அவனிடம் சென்றிருந்தபோது, "மாமா, இந்த ஊரைக் காரில் இருந்து பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஸ்கூட்டரில்தான் பார்க்க வேண்டும்" என்று சொல்லி, ஒரு வழிகாட்டியையும் ஏற்பாடு செய்துவிட்டான். என் பெயரைக் கொடுத்தானேயன்றி, நான் குருவானவர் என்பதைச் சொல்லவில்லை. வெயிலுக்கும் புழுதிக்கும் அஞ்சி நானும் அங்கியை விடுத்துச் சாதாரணச் சட்டை அணிந்திருந்தேன். அப்போது அதைப் பெரிதாக எண்ணவில்லை. அதுவே பின்னர் எனக்குச் சோதனையாயிற்று.

காலை ஏழு மணிக்கு வழிகாட்டி வந்தான். இருபத்து நான்கு வயது இளைஞன். ஆங்கிலம் நன்றாகப் பேசினான். எனக்கொரு தலைக்கவசத்தை மாட்டி, அதன் வாரையும் தானே இறுக்கிவிட்டு, "ஐயா, அஞ்ச வேண்டாம், சாய்ந்தால் என்னோடு சேர்ந்து சாயுங்கள்" என்றான். எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட இருசக்கர வண்டிகள் ஓடும் ஊர் அது. பச்சை விளக்கு எரிந்ததும் வண்டிகள் மடை திறந்த வெள்ளம்போல் பாய்ந்தன. கோழிக் கூடையும், பூந்தொட்டியும், கைக்குழந்தையோடு ஒரு குடும்பமும் எங்களை உரசாமல் கடந்து சென்றன. முதல் கால்மணி நேரம் கண்களை மூடிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே மறைப்பானேன்?

முதலில் அமலோற்பவ அன்னை பேராலயத்தின் முன் வண்டி நின்றது. 1877-இல் தொடங்கி 1880-இல் அபிஷேகம் செய்யப்பட்ட ஆலயம் அது. செங்கற்களைக்கூடப் பிரான்சு நாட்டிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். 1895-இல் இரு கோபுரங்களுக்கும் கூரிய முடிகள் சேர்ந்தன. 2017-இல் தொடங்கிய பழுதுபார்க்கும் பணி நான் சென்றபோது முடிந்திருக்கவில்லை. கோபுரங்களைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். வாயிலின் முன்னே 1959 முதல் நிற்கும் அமைதியின் அரசியான அன்னையின் வெண்ணிறத் திருச்சொரூபம் மட்டும் மறைப்பின்றிக் காட்சி தந்தது.

எதிரே தலைமை அஞ்சலகம். 1891-இல் முடிந்த அக்கட்டடத்தின் உயர்ந்த வளைவுக் கூரையைக் கண்டால் அதுவும் ஓர் ஆலயமோ என ஐயுறத் தோன்றும். அங்கே என் பங்கு மக்களுக்கு இரண்டு அஞ்சலட்டைகள் எழுதினேன். உள்ளத்தில் பெருமிதம் நிறைந்திருந்தது. இம்மண்ணில் விசுவாசத்துக்காக உயிர்நீத்தவர்களுள் 117 பேரை 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனிதர்களாக உயர்த்தியதை வழிகாட்டியிடம் சொன்னேன். அவன் பணிவோடு கேட்டுக்கொண்டான்.

அடுத்து விடுதலை மாளிகை. அதிபர் நோ டின் டியெம் வாழ்ந்த பழைய மாளிகையை 1962-இல் அவருடைய விமானப் படையினர் இருவரே குண்டுவீசித் தகர்த்தனர். அவ்விடத்திலேயே புதிய மாளிகை கட்ட அவர் ஆணையிட்டார். அது 1966-இல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1975 ஏப்ரல் 30 அன்று வடவியட்நாம் டாங்கிகள் இம்மாளிகையின் இரும்புக் கதவை இடித்து நுழைந்தன. நெடுங்காலப் போர் அன்றோடு முடிந்தது. அவற்றை ஒத்த டாங்கிகள் இன்று புல்வெளியில் காட்சிக்கு நிற்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

என் நினைவோ வேறொரு நாளின்மேல் சென்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்புத் திருநாள். சைகோனுக்கு வாரிசுரிமையுள்ள துணைப் பேராயராக நியமனம் பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த பிரான்சிஸ் சவேரியார் நுயென் வான் துவான் என்பவரை இம்மாளிகைக்கு வரவழைத்து அரசு கைது செய்தது. பதின்மூன்று ஆண்டுச் சிறைவாசத்தில் ஒன்பது ஆண்டுகள் அவர் தனிச் சிறையில் கழித்தார். அவர் பெயரை வழிகாட்டி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாளிகைக்கு அண்மையில் நம்மவர் ஒரு நூற்றாண்டுக்கு முன் எழுப்பிய மாரியம்மன் கோவில் உள்ளது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வணிகத்துக்கும் வேலைக்கும் அங்குச் சென்ற தமிழர் பெரும்பாலும் திரும்பிவிட்டனர். இன்று அக்கோவிலில் ஊதுபத்தி ஏந்தி நிற்போர் வியட்நாமியரும் சீன வழியினருமே. வழிகாட்டியும் வாசலில் நின்று ஒரு கணம் கைகூப்பினான். "ஐயா, எங்கள் வீட்டில் பௌத்த நெறிதான். என்றாலும் இந்த அம்மனையும் பாட்டிக்குப் பிடிக்கும்" என்றான்.

பிறகு ஒரு நாற்சந்தியை அடைந்தோம். அங்கே ஒரு சிறு பூங்காவில், தீப்பிழம்புகளின் நடுவே தியானத்தில் அமர்ந்திருக்கும் துறவியின் பெரிய வெண்கலச் சிலை. 1963 ஜூன் 11 அன்று, திக் குவாங் டுக் என்னும் முதிய பௌத்தத் துறவி இச்சந்தியில் பத்மாசனமிட்டு அமர்ந்தார். உடன்வந்த துறவி ஒருவர் அவர்மேல் பெட்ரோலை ஊற்ற, அவரே தீக்குச்சியைக் கிழித்தார். மால்கம் பிரவுன் என்னும் அமெரிக்கச் செய்தியாளர் எடுத்த படம் உலகையே உலுக்கியது. குருமட நூலகத்தில் ஒரு பழைய இதழில் அதைக் கண்டு, பார்க்க மாட்டாமல் பக்கத்தைத் திருப்பியவன் நான்.

வழிகாட்டி குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "ஐயா, என் பாட்டி அப்போது பதினேழு வயதுப் பெண். அந்தக் கூட்டத்தில் நின்றவர். துறவி அசையவும் இல்லை, ஒலி எழுப்பவும் இல்லை என்று இன்றும் சொல்வார். அன்றைய அதிபர் கத்தோலிக்கர். எங்கள் மக்களைச் சமமாக நடத்தவில்லை."

அவன் சொன்னது பொய்யன்று. 1963 மே மாதத் தொடக்கத்தில், ஹுவே நகரின் பேராயரும் அதிபரின் தமையனாருமான தூக் அவர்களின் ஆயர் பணி வெள்ளிவிழாவை ஒட்டி வத்திக்கான் கொடிகள் வீதிகளில் பறந்தன. சில நாள்களில் புத்தர் பிறந்த திருநாள் வந்தது. சமயக் கொடிகளைப் பொதுவிடத்தில் ஏற்றலாகாது என்னும் சட்டம் அப்போதுதான் அதிகாரிகளுக்கு நினைவு வந்தது! மே 8 அன்று எதிர்ப்புத் தெரிவித்துக் கூடிய மக்கள்மீது படை ஏவப்பட்டது. சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். ஒரு கொடியில் தொடங்கிய வழக்கு ஒரு மாதத்தில் இந்தச் சந்தியில் நெருப்பாக எரிந்தது.

தன்னுயிரை மாய்த்துக்கொள்வதைத் திருச்சபை ஏற்பதில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் அவ்வேளையில் என்னைச் சுட்டது அந்த வினா அன்று. "ஐயா, நீங்கள் எந்தச் சமயத்தவர்?" என்று அவன் இயல்பாகக் கேட்டான்.

நான் விடை சொல்லவில்லை. "வெயில் ஏறுகிறது, போவோமா?" என்றேன்.

சோலோன் என்னும் சீனர் பகுதிக்குச் செல்ல அரைமணி நேரம் ஆயிற்று. அந்த வழி முழுவதும் அவன் முதுகுக்குப் பின்னால் நான் பேதுருவாக அமர்ந்திருந்தேன். கோழி கூவத்தான் இல்லை. காலையில் மறைசாட்சிகளைப் பற்றிப் பெருமை பேசிய நாவு, பிறர் நம்மால் பட்ட காயத்தைக் கேட்டதும் ஏன் உள்ளிழுத்துக்கொண்டது? நம் புகழில் பங்கு கேட்பவன் நம் பிழையிலும் பங்கு ஏற்க வேண்டாமா?

வண்டி நின்ற இடம் ச்சா தாம் ஆலயம். அந்நாட்டு மொழியில் 'ச்சா' என்றால் தந்தை. தாம் என்னும் குருவானவர் நினைவாக மக்கள் அப்படி அழைக்கிறார்கள். ஆலயத்தின் பாதுகாவலர் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே புனித சவேரியார். நுழைவாயில் சீன முறையில் அமைந்தது. உள்ளே கூரிய வளைவுகள் கொண்ட மேனாட்டுக் கட்டடம். 1963 நவம்பர் 2, இறந்த விசுவாசிகளின் நினைவு நாள் காலையில், படைத்தலைவர்களின் கிளர்ச்சிக்குத் தப்பிய அதிபர் டியெமும் அவர் தம்பி நூவும் இங்கே வந்தனர். தாம் இருக்குமிடத்தைத் தாமே தொலைபேசியில் படைத்தலைவர்களுக்கு அறிவித்தனர். கவச வண்டி ஒன்று வந்தது. கைகளைப் பின்னால் கட்டி ஏற்றினார்கள். வழியிலேயே இருவரையும் கொன்றார்கள். அவர் அமர்ந்த இருக்கையை ஒரு சிறு தகடு இன்றும் காட்டுகிறது.

டியெம் தனி வாழ்வில் ஒழுக்கமும் பக்தியும் உள்ளவர், மணம் செய்துகொள்ளாதவர். வடக்கிலிருந்து 1954-இல் அகதிகளாக வந்த பல இலட்சம் கத்தோலிக்கருக்குப் புகலிடம் தந்தவர். அவருடைய பக்தியை நான் ஐயுறவில்லை. நாள்தோறும் செபிக்கிறவனும் அயலானின் நீதிக்குக் கண்மூடியிருக்கக் கூடும் என்பதே என்னை நடுங்கச் செய்தது.

அந்த இருக்கையில் முழந்தாளிட்டேன். எழுந்து வந்து வழிகாட்டியிடம், "தம்பி, நீ கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் வந்துவிட்டேன். நான் கத்தோலிக்கன், குருவானவனும்கூட. அங்கே அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். உன் பாட்டியிடம் என் வருத்தத்தைச் சொல்" என்றேன்.

அவன் சிறிது நேரம் என்னையே பார்த்தான். பிறகு, "ச்சா" என்று அழைத்தான். அதுவரை 'ஐயா' என்றவன் தன் மொழியில் தந்தை என்றான். "எங்கள் ஏழாம் மாதப் பௌர்ணமியில், நினைப்பாரற்ற ஆவிகளுக்காகக் கஞ்சியும் உப்பும் அரிசியும் வாசலில் வைப்போம். பாட்டி அப்போது துறவியை வணங்குவார். அதிபருக்கும் ஓர் ஊதுபத்தி ஏற்றுவார். ஏன் என்று கேட்டால், 'கொலையுண்டவனுக்கு யாரேனும் ஏற்ற வேண்டாமா?' என்பார்."

எனக்குப் பேச்சு எழவில்லை. இறந்தோருக்காக மன்றாடக் கற்பிக்கும் குருவாகிய நான், அன்று அந்தப் பௌத்த மூதாட்டியிடம் பாடம் கேட்டேன்.

அன்பார்ந்த வாசகர்களே, மாளிகையில் கைதான அந்தத் துணைப் பேராயர் வான் துவான் வேறு யாருமல்லர். அதிபர் டியெமின் உடன்பிறந்த சகோதரியின் மகன். மாமனிடம் ஆட்சியும் படையும் இருந்தன. மருமகனிடம் இருந்தது வயிற்று மருந்து என்று சொல்லி அனுப்பப்பட்ட சிறிது திராட்சை இரசம். அதில் மூன்று துளியும் தண்ணீர் ஒரு துளியுமாக உள்ளங்கையில் ஏந்தித் திருப்பலி நிறைவேற்றினார். காவலரைப் பகைக்காமல் அன்பு செய்தார். அவரோடு பழகிய காவலர் மனம் மாறினர். மரத்துண்டில் சிலுவை செய்யவும், மின்கம்பியால் சங்கிலி பின்னவும் உதவினர். 2001-இல் கர்தினாலான பின்னும் அச்சிலுவையையே அணிந்தார். 2002-இல் மறைந்த அவரை 2017-இல் திருச்சபை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. மாமனின் அதிகாரம் நம் மறைக்குப் பெற்றுத் தராத மதிப்பை அந்த உள்ளங்கை பெற்றுத் தந்தது.

ஊர் திரும்பியபின் எனக்கு ஒரு கடன் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன், நம்மவர் மிகுதியாக வாழ்ந்த ஒரு பங்கில் பணியாற்றினேன். அயல் தெருவினர் தங்கள் அம்மன் ஊர்வலத்தை ஆலய வீதி வழியே கொண்டுசெல்ல அனுமதி கேட்டனர். நம் திருவிழாக் கொடிகள் அவர்கள் தெருவில் பறந்த அதே ஆண்டில்தான் நான் மறுத்தேன். இம்முறை பேருந்தேறி அவ்வூருக்குச் சென்றேன். அன்று கேட்டு வந்த பெரியவர் இன்று கண்பார்வை மங்கித் திண்ணையில் அமர்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "சாமி, அது எந்தக் காலத்துக் கதை! வெயிலில் வந்திருக்கிறீர்கள், முதலில் மோர் குடியுங்கள்" என்றார்.

இந்த நவம்பரில் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லும்போது, நம் உறவினருக்கு ஏற்றும் மெழுகுதிரிகளோடு இன்னும் ஒன்றை ஏற்றுவோம். நம்மால் காயப்பட்டு இறந்தவர்களுக்காகவும், நம்மைக் காயப்படுத்தி இறந்தவர்களுக்காகவும் அது எரியட்டும். சைகோனில் ஒரு பாட்டி அதைச் செய்துகொண்டிருக்கிறார்.