ஆயாவுக்கு யாத்திரை, பிள்ளைகளுக்கு ஐலண்டு! ராமேஸ்வரத்தில் இரண்டு நாள்

"ஆயா, ஐலண்டுக்குப் போறோமே, உனக்கு நீச்சல் தெரியுமா?"

தாம்பரத்தில் ரயில் கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு வயதுப் பேரன் கேட்ட ஒரே கேள்வியில், ஒரு மாதமாகக் கட்டிக்காத்த ரகசியம் உடைந்துபோனது.

"ஐலண்டா? தாத்தாவுக்குத் திதி குடுக்கப் போறோம்னுல்ல உங்கப்பன் சொன்னான்?" என்றார் ஆயா. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேளம்பாக்கத்துக் குடும்பம் அது. மகனுக்குச் சிறுசேரியில் ஐ.டி வேலை, மருமகள் பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். ஆயாவும் அவர் கணவரும் கோவளம் சாலையோர உப்பளத்தில் வேலை பார்த்து மகனைப் படிக்க வைத்தவர்கள். போன வருடம் கணவர் காலமானார். அதிலிருந்து ஆயா தெருமுனைக் கடைக்குக்கூடப் போவதில்லை. கல்யாணம், காதுகுத்து என்று யார் வந்து அழைத்தாலும் கதவோடு சரி. பிள்ளைகளோ ரீல்ஸில் மாலத்தீவைப் பார்த்துவிட்டு 'ஐலண்டுக்குக் கூட்டிப் போங்க' என்று தினமும் நச்சரிப்பு. மாலத்தீவு இந்தக் குடும்பத்தின் பட்ஜெட்டுக்குத் தாங்காது. மகன் கண்டுபிடித்த வழிதான் ராமேஸ்வரம். அம்மாவிடம் திதி, பிள்ளைகளிடம் தீவு. இரண்டும் பொய்யில்லை. ராமேஸ்வரம் இருப்பது பாம்பன் தீவில்தானே!

இந்தப் பகுதிக்காரர்களுக்கு ராமேஸ்வரம் இப்போது ரொம்பச் சுலபம். 2025 ஏப்ரல் 6-ம் தேதி பாம்பன் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்ட அன்றே, தாம்பரம் - ராமேஸ்வரம் ரயிலும் தொடங்கிவைக்கப்பட்டது. வண்டலூர் சாலையைப் பிடித்துத் தாம்பரம் போய் மாலையில் ஏறினால், விடிவதற்குள் தீவு. ஒரே குறை, போகும்போது பாலம் இருட்டில் கடந்துபோய்விடும். பிள்ளைகள் நல்ல தூக்கம். ஆயா மட்டும் விழித்திருந்தார். மகனோடு பேசவில்லை.

அக்னி தீர்த்தம் என்பது கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் கடல்தான். பெரிய அலை இல்லாமல் குளம்போலக் கிடக்கும். அங்கே மகன் திதி கொடுத்து முடிக்கும்வரை ஆயா படியில் உட்கார்ந்திருந்தார். எழுந்தவர் சொன்ன ஒரே வார்த்தை, "ஆச்சு."

கடலில் குளித்துவிட்டுக் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நீராடுவது வழக்கம். கிணறு கிணறாக நிற்க வைத்து, வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய வாட்டர் தீம் பார்க் வேண்டுமா? ஆறாவது வாளியிலேயே இருவரும் ஐலண்டை மறந்துவிட்டார்கள். பெரியவர்களை அழைத்துப்போகிறவர்கள் இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். கல்தரை முழுக்க ஈரம், கையை விட்டால் வழுக்கும். ஈர உடையோடு மூலவரைப் பார்க்க விடமாட்டார்கள் என்பதால் மாற்றுத்துணி கட்டாயம். மருமகள் மறக்காமல் எடுத்து வந்திருந்தார். மகன் தன்னுடையதை மட்டும் அறையில் விட்டிருந்தார்.

நடுவில் ஒரு கிணற்றில் ஆயா நின்றார். உதட்டில் வழிந்த தண்ணீரைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். "கடலு இவ்ளோ பக்கத்துல இருக்கு, கரிக்கவே இல்லையே!" உப்பளத்தில் வாழ்ந்த நாக்கு. அதன்பின் ஒவ்வொரு கிணற்றிலும் ருசி பார்க்க ஆரம்பித்தார். 1,212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிரகாரத்தைப் பார்த்து மற்றவர்கள் வாய்பிளந்து நின்றபோதும் அவர் பேச்சு தண்ணீரைப் பற்றித்தான்.

மறுநாள் தனுஷ்கோடி. "நான் ரூம்லயே இருக்கேன். டூர் சுத்துற வயசா எனக்கு?" என்றார் ஆயா. மகன் பேசிப் பார்த்துத் தோற்றார். மருமகள் வந்து, "அத்தை, ரெண்டு வாலையும் நான் ஒருத்தியா கடற்கரையில மேய்க்க முடியாது. நீங்க வந்துதான் ஆகணும்" என்றதும் செருப்பை மாட்டினார்.

தனுஷ்கோடி போகும் சாலை 2017-ல்தான் அரிச்சல்முனை வரை திறக்கப்பட்டது. ஒரு பக்கம் சாதுவான கடல், இன்னொரு பக்கம் சீறும் கடல். உள்ளூர்க்காரர்கள் பெண் கடல், ஆண் கடல் என்கிறார்கள். எது பெண் என்று கேட்க வேண்டியதே இல்லை! 1914-லிருந்து இங்கே ரயிலில் வந்து இறங்கி, கப்பலேறித் தலைமன்னார் போனவர்கள் ஏராளம். ஸ்டேஷன், தேவாலயம் என்று ஓர் ஊரே இருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் அலை விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இடிந்த தேவாலயச் சுவருக்கு முன்னால் செல்ஃபி எடுக்கிற கூட்டம் குறையவில்லை. பக்கத்திலேயே மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன.

அரிச்சல்முனையில் கடலில் இறங்கக் கூடாது. நீரோட்டம் இழுத்துவிடும். நீச்சல் ஆசையோடு வந்த பேரனின் முகம் சுருங்கியது. அந்தக் கோபத்தைக் கடைகளில் காட்டினான். சங்கு, பாசிமணி எல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள். பவளப்பாறைத் துண்டு கேட்டபோது மட்டும் அம்மா மறுத்துவிட்டார். அது வனஉயிர்ச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, வாங்குவதும் குற்றம்.

திரும்பும் வழியில் ஆயாதான் வேனை நிறுத்தச் சொன்னார். ஆழமில்லாத தண்ணீரில் இளஞ்சிவப்பு வரிசையாகப் பூநாரைகள். 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு இந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. "இது நம்ம உப்பளத்துப் பக்கம் வர்ற பறவைடா" என்றவர், இறங்கி ஓரமாக நடந்தார். காய்ந்த மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் கிள்ளி நாக்கில் வைத்தார்.

"கசக்குது. தானா காஞ்ச உப்பு இப்பிடித்தான்."

பேரன்கள் இருவரும் நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். ஆயா விரலால் மண்ணில் பாத்தி கட்டினார். "கழிமுகத் தண்ணிய இதுல வுடணும். வெயில்ல சுண்டச் சுண்ட அடுத்த பாத்திக்கு மாத்தணும். உப்பு இறங்கினதும் மேல நிக்குற கசப்புத் தண்ணிய வடிச்சு வுட்றணும். அத வுட்டுட்டோம்னா மொத்த உப்பும் கெட்டுப்போச்சு. எப்ப வடிக்கணும்னு உங்க தாத்தா நாக்குல ஒரு சொட்டு வெச்சே சொல்லிருவாரு. மேஸ்திரிக்கே தெரியாது."

ஒரு வருடத்தில் அவர் பற்றி ஆயா அழாமல் பேசியது அன்றுதான். பிள்ளைகள் அரைமணி நேரம் பாத்தி கட்டினார்கள். வேன் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, அவரும் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்.

மறுபயணம் பகல் வெளிச்சத்தில். ரயில் பாலத்தில் ஏறியதும் ஜன்னலோர இடத்தை ஆயா யாருக்கும் தரவில்லை. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருபுறமும் கடல். கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே 17 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொள்ளும் என்று மகன் விளக்கினார். "அப்பிடியா?" என்றார் ஆயா. இரண்டு நாளில் மகனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

தாம்பரத்தில் இறங்கிக் கேளம்பாக்கம் வந்தபோது இன்னும் இருட்டு. வீட்டுத் தெருவுக்குள் கார் திரும்பப்போன நேரம், பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"நேரா கோவளம் ரோட்டுக்கு வுடுப்பா. நம்ம பக்கமும் அந்தப் பறவை வந்திருக்கான்னு பாத்துட்டுப் போலாம்."

"இருட்டா இருக்கேம்மா, என்ன தெரியும்?"

"விடிஞ்சா தெரியுது. அதுவரைக்கும் டீ குடிச்சிக்கினு நிப்போம்."