தனிமை யாருடைய உடைமை?

தன்னை அறிய விரும்புவோன் ஊரை விட்டுக் காட்டுக்குச் செல்லட்டும் என்பது பழைய உபதேசம். வானப்பிரஸ்தம் வகுத்த வேதியரும், மலைக்குகை நாடிய சமணரும் சித்தரும் இதனையே கூறினர். மேனாட்டில் ரூஸோவும் தோரோவும் வேறு காரணங்கள் காட்டி இவ்வழியைப் புகழ்ந்தனர். முற்போக்காளரிடையே இதற்கு ஆயத்தமான விடையொன்று உண்டு: வாழ்க்கையிலிருந்து தப்பியோடுவோரின் தத்துவம் என்பதே அவ்விடை. அவ்வாறு புறக்கணிப்பது எளிது, நியாயமாகாது. இயற்கையின் நடுவே தனித்திருக்கும் மனிதனுக்கு உண்மையாகவே ஏதோ நிகழ்கிறது. அது யாது, எவர்க்கு வாய்க்கிறது என்னும் இரு வினாக்களையும் சேர்த்தே எழுப்புதல் வேண்டும்.

பள்ளி விடுமுறைகளில், கூட்டம் குறைந்த வாரநாட்களில், நாம் பலமுறை ஹோர்ட்டன் சமவெளியில் தனியே நடந்திருக்கிறோம். ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் விரிந்து கிடக்கும் புல்வெளி அது. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீர் சேர்க்கும் ஓடைகள் அங்கே ஊற்றெடுக்கின்றன. தை மாத விடியலில் புல்நுனிகள் உறைபனியில் வெளுத்திருக்கும். காற்றினால் குறுகி முறுகிய மரங்களின் கிளைகளில் பாசி தொங்கும். மூடுபனிக்குள்ளிருந்து மரையொன்று தலை நிமிர்ந்து நோக்கிவிட்டு, நம்மைப் பொருட்படுத்தாது மேயத் தொடங்கும்.

அப்பொருட்படுத்தாமையே முதற் பாடம். ஊரில் நாம் ஒருவர்க்கு மகன், ஒருவர்க்கு ஆசிரியர், ஒருவர்க்குக் கடனாளி, ஒரு சங்கத்துக்கு உறுப்பினர். அங்கோ இப்பெயர்களைச் சொல்லி அழைப்பார் எவருமிலர். முதல் ஒரு மணி நேரம் மனம் பழைய வாதங்களையே தொடர்கிறது; எதிரே இல்லாதவருடன் தர்க்கிக்கிறது. பின்பு, கேட்போர் இன்மையால் அவை ஒவ்வொன்றாக ஓய்கின்றன. ஓயாது எஞ்சி நிற்பவை சில. அவற்றையே நம் உண்மையான நம்பிக்கைகள் எனக் கொள்ளலாம். கைதட்டலுக்காக உரைத்ததையும் உள்ளத்தால் உரைத்ததையும் பிரித்தறிய இதனினும் நேர்மையான துலாக்கோல் கிடைப்பது அரிது. மேடைக்குப் பழகிய இயக்கத்தினர்க்கு இச்சோதனை மற்றையோரினும் அதிகம் தேவை.

எனினும், சமவெளியின் விளிம்பாகிய உலக முடிவில் நின்று கீழே நோக்குவோர்க்கு வேறொரு காட்சியும் உண்டு. பனி விலகும்போது ஆழத்தே தேயிலைத் தோட்டமும் சிறு சிறு கூரைகளும் புலப்படும். மேலுள்ள காட்டையும் கீழுள்ள தோட்டத்தையும் ஒரே வரலாறு பிணைத்துள்ளது. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என, தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 1873இல் ஆங்கில ஆட்சி தடை விதித்தது. கீழே கோப்பிக்காகவும், கோப்பி நோயுற்று வீழ்ந்தபின் தேயிலைக்காகவும் மலைகள் மொட்டையாக்கப்பட்டன. அம்மலைகளைத் திருத்தியோர் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காடுகளூடே நடந்து வந்தவர்கள். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். அவர்தம் சந்ததியினரை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது.

‘நான் யார்?’ என்னும் வினாவுக்கு இவ்விளிம்பிற் கிடைக்கும் விடை, புல்வெளியிற் கிடைத்த விடையை நிறைவு செய்கிறது. நம்மைப் படிப்பித்து ஆசிரியராக்கியது 1945இல் தொடங்கிய இலவசக் கல்வி. அதனைத் தாங்கிய அரச வருவாயின் பெரும்பங்கு தேயிலை தந்தது. ஆனால் அத்தேயிலையைப் பறித்தவர்களின் பிள்ளைகள் பயின்ற தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களிலும் அதன் பின்பும்தான். நம் அறிவே ஒரு கடன் என்பதை உணராதவன் தன்னை அறிந்தவனாகான்.

லயன் அறைகளை நாம் அறிவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் ஒரு குடும்பம். சுவரின் மறுபுறம் அடுத்த குடும்பத்தின் பேச்சு. இயற்கை வாசலிலேயே நிற்கிறது. தனிமை ஒரு முழமும் இல்லை. பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் அயலார் உறங்கும்வரை காத்திருந்து புத்தகத்தை விரிக்கிறான். காலையில் கொழுந்து பறிக்கச் சென்ற பெண் மாலையில் திரும்பி அடுப்பையும் குழந்தையையும் ஏற்கிறாள். மலையும் மூடுபனியும் அவளைச் சூழ்ந்தே உள்ளன. நின்று நோக்கத்தான் நேரமில்லை. ‘உன்னையே நீ அறிவாய்’ என்று அவளுக்கு உபதேசிப்பது பரிகாசமன்றி வேறென்ன?

1886இல் சிக்காகோத் தொழிலாளர் போராடியபோது, வேலைக்கு எட்டு மணி, ஓய்வுக்கு எட்டு மணி, எஞ்சிய எட்டும் தமக்கே என்று நாளைப் பகுத்தனர். அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தின் பொருள் ஆழமானது. மனிதன் தன்னுடன் தானே பேசுவதற்குரிய வேளையும் அதனுள் அடங்கும். ஆதலின் தனிமையைத் துறவியர்க்கும் உல்லாசப் பயணிகளுக்கும் விட்டுக்கொடுத்தல் தகாது. நிலத்தைப் போல, கல்வியைப் போல, அதுவும் பங்கிடப்படவேண்டிய செல்வம். சொந்த நிலத்தில் தனி வீடு, தோட்டந்தோறும் வாசிகசாலை, பெண்ணின் சுமையைப் பகிரும் குடும்பம் ஆகிய கோரிக்கைகள் யாவும் இச்செல்வத்துக்கான கோரிக்கைகளே.

ஆசிரிய நண்பர்களும் மாணவ நண்பர்களும் மலைக்குச் செல்லட்டும். நெடுநேரம் மௌனமாக நடக்கட்டும். அம்மௌனம் எவர்க்கு மறுக்கப்பட்டுள்ளதோ, அவர் பக்கம் நிற்பதற்காகவே கீழே இறங்கட்டும்.