ஈசிஜி படம் யாருக்குப் போக வேண்டும்?

"பிரபல இருதய டொக்டர் சொன்னது, கட்டாயம் ஷெயார் பண்ணுங்க" என்று எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது. எந்த டொக்டர் என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள் என்ற செய்தி எத்தனையோ வருஷமாகச் சுற்றுகிறது. பொதுமக்களுக்கு இதைத் தாங்கள் சிபாரிசு செய்யவில்லை என்று அமெரிக்க இருதய சங்கமே சொல்லிவிட்டது. அஞ்சியோகிராம் மேசையில், டொக்டர் பக்கத்தில் நின்று மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, துடிப்பு திடீரென்று தடுமாறினால் நோயாளியை இருமச் சொல்வார்கள். அது வேறு. வீட்டில் இருமிக்கொண்டிருப்பவர் 1990க்கு அழைக்க வேண்டிய நிமிடங்களை இழக்கிறார்.

உண்மையான இருதய நிபுணர்கள் இதே வட்ஸ்அப்பை எப்படிப் பாவிக்கிறார்கள் என்று பார்த்தால் எங்களுக்கு வெட்கமாக இருக்கும்.

சின்ன வைத்தியசாலைக்கு நெஞ்சுவலியோடு ஒருவர் வருகிறார். அங்கே இருதய நிபுணர் இல்லை. கடமையில் இருக்கும் டொக்டர் ஈசிஜி எடுத்து, அதைப் போனில் படம் பிடித்து, தூரத்தில் இருக்கும் நிபுணருக்கு அனுப்புகிறார். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே போடுவதா, உடனே பெரிய வைத்தியசாலைக்கு ஏற்றுவதா என்று பதில் வருகிறது. அடைப்பு நீடிக்க நீடிக்க இருதயத் தசை செத்துக்கொண்டே போகும். அதனால்தான் இந்த அவசரம். இந்தியாவின் மங்களூரில் பத்மநாப காமத் என்ற இருதய நிபுணர், கிராமத்து சுகாதார நிலையங்களுக்கு ஈசிஜி இயந்திரம் கிடைக்கச் செய்து, அங்குள்ள டொக்டர்களை வட்ஸ்அப் குழுமங்களில் சேர்த்து இதை ஒரு ஒழுங்காகவே நடத்தினார்.

ட்விட்டரிலும் அப்படித்தான். அஞ்சியோகிராமுக்குத் தொடை இடுக்கில் குழாய் விடாமல் முடிந்தவரை மணிக்கட்டால் விடுவோம், இரத்தக்கசிவு குறையும் என்று 'ரேடியல் ஃபர்ஸ்ட்' என்ற ஹேஷ்டேக்கில் பல நாட்டு நிபுணர்கள் எழுதினார்கள். செய்த முறைகளைப் படங்களோடு போட்டு, ஒருவரிடம் ஒருவர் கேட்டுப் படித்தார்கள். பெயரை மறைத்துத்தான் படம் போட வேண்டும் என்பது அவர்களின் தொழில் ஒழுக்கம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்களோடு படிப்பிக்கும் ஒரு டீச்சரின் வாப்பாவுக்கு அண்மையில் மாரடைப்பு வந்தது. டீச்சர் மூன்றாம் பாடவேளையில் வகுப்பில் நின்றார். வீட்டிலிருந்து அழைப்பு வருவதற்கு முன்பே வாப்பாவின் ஈசிஜி, பெயரும் வயதும் தெளிவாகத் தெரிய, ஊர்க் குழுமம் ஒன்றில் வந்துவிட்டது. கீழே 'இன்னாலில்லாஹி' போட்டவர்கள் ஏழு பேர். வாப்பா அப்போது உயிரோடுதான் இருந்தார். அல்ஹம்துலில்லாஹ், இப்போது வீடு திரும்பிவிட்டார். அன்று ஸ்டாஃப் ரூமில் அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நாங்கள் பார்த்தோம்.

யார் முதலில் அனுப்பியது என்று தேடுவது எங்கள் வேலையல்ல. அக்கறையில் அனுப்பியிருக்கவும் கூடும். ஆனால் பிள்ளையின் புள்ளியைப் பெற்றோரிடம் சொல்லுங்கள், சந்தியில் வாசிக்காதீர்கள் என்று கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். புள்ளிக்கே அப்படியென்றால், ஒருவருடைய இருதயத்தின் படம் எவ்வளவு பெரிய அமானிதம்!

குழும நிர்வாகிகள் மூவரிடம் பேசியிருக்கிறோம். நோயாளியின் ரிப்போர்ட், ஈசிஜி, வார்ட் போட்டோ எது வந்தாலும் உடனே அழிப்பதாக இருவர் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாமவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். "டொக்டர் சொன்னது" என்று வருபவற்றுக்கு, அந்த டொக்டரின் பெயரும் அவர் வேலை செய்யும் இடமும் இல்லாவிட்டால் போட விடவேண்டாம் என்றும் கேட்டிருக்கிறோம். உங்கள் குழும நிர்வாகியிடம் நீங்களும் இன்றே கேளுங்கள். நெஞ்சுவலி என்றால் குழுமத்தில் எழுத வேண்டாம், 1990க்கு அழையுங்கள். காசு இல்லை.