டாக்டர் எங்கேடி ஓடினார்?

என் செல்ல மீனாட்சிக்கு,

உன் கடிதம் போன வியாழக்கிழமையே வந்துடுச்சுடி. உடனே பதில் போடலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே. ஆக்ஸ்ஃபோர்டில விடாத மழை, துவைச்ச துணி காயறதுக்குள்ள அடுத்த மூட்டை சேர்ந்துடுது, போதாக்குறைக்குச் சின்னவனுக்குக் காய்ச்சல் வேற.

டாக்டர்கிட்ட நேரம் கேட்டுப் போன் பண்ணினா, அங்கே போனை எடுக்கிற பொண்ணு டெம்பரேச்சர் 'ரன்' பண்றானா, மூக்கு 'ரன்' ஆகுதான்னு கேட்கிறா. நேர்ல போய் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தப்புறம், டாக்டர் 'ரன்னிங் லேட்'டுங்கிறா. பிள்ளை என் மடியில சுருண்டு கிடக்கான், டாக்டர் அறையை விட்டு அசையலை, நான் நாற்காலியோட நாற்காலியா ஆயிட்டேன், ஆனா இவங்க பேச்சுல எல்லாருமே ஓட்டம்! வீட்டுக்கு வந்தா பக்கத்து வீட்டுப் பாட்டி, முட்டி ஆபரேஷன் ஆனவங்க, கதவைத் தட்டி அவங்க வீட்டுல பால் 'ரன் அவுட்'டுங்கிறாங்க. ரன் அவுட்டுன்னதும் எனக்கு ஹாஸ்டல் டிவி முன்னால நின்னு நீ அம்பயரைத் திட்டினதுதான் ஞாபகம் வந்துச்சு.

வாயில நுழையாத பெரிய வார்த்தைக்கெல்லாம் பயந்துக்கிட்டுத்தானே விமானம் ஏறினேன், அதெல்லாம் அகராதியில ஒரு தடவை பார்த்தா அடங்கிடுதுடி. இந்த மூணெழுத்துதான் அடங்கமாட்டேங்குது. இந்த ஊர்லயே போடுற அந்தப் பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இருக்கே, அதுல 'ரன்'ங்கிற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தம் வந்திருக்குன்னு 2011-லேயே கணக்குச் சொல்லிட்டாங்க. பீட்டர் கில்லிவர்னு ஒருத்தர் இந்த ஒத்தை வார்த்தையோட ஒன்பது மாசத்துக்கு மேல உட்கார்ந்திருக்கார், அதுக்குள்ள ஒரு பிள்ளையே பெத்துடலாம்! அதுக்கு முன்னாடி 'செட்'டுங்கிற வார்த்தைதான் ரொம்ப காலம் பெரியண்ணன். மிஷின் வந்ததுல தம்பி முந்திட்டான். ரயில் ஓடிச்சு, ஆலை ஓடிச்சு, இப்போ கம்ப்யூட்டருக்குள்ள புரோகிராமும் ஓடுது, எல்லாத்துக்கும் இதே வார்த்தைதான்.

இதை எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிப் பொருமினா, நீ அனுப்பின சுங்குடிச் சேலை அவரோட வெள்ளைச் சட்டையில ஏத்தி வச்ச சிவப்பைக் காட்டி, இதுவும் 'ரன்'தான்னு சிரிக்கிறார். நமக்குச் சாயம் போகுது, இவங்களுக்குச் சாயமும் ஓடுது. ஆனா தேர்தல்ல மட்டும் பாரு, அமெரிக்காக்காரங்கதான் ஓடுறாங்க, இங்கிலாந்துல நம்ம ஊர் மாதிரியே நிக்கிறாங்க. அதுல மட்டும் எனக்கு இந்த ஊர் மேல ஒரு பாசம்.

அப்புறம் ராத்திரி சின்னவனுக்கு ஈரத்துணி போட்டுக்கிட்டே யோசிச்சேன், நாம மட்டும் லேசுப்பட்டவங்களா? கடிகாரம் ஓடுது, கடை ஓடுது, 1944-ல வந்த ஹரிதாஸ் படம் மூணு தீபாவளி பார்த்து ஓடிச்சு. வண்டியை ஓட்டுறோம், கடனை உடனை வாங்கிக் குடும்பத்தை ஓட்டுறோம், காலேஜ்ல நீ என்னை ஓட்டாத ஓட்டா! உங்க தெரு வாத்தியார் மக ஓடிப்போயிட்டான்னு எழுதியிருக்கே, அடுத்த வரியிலேயே ரெண்டு பேரும் ஆட்டோவில ஏறினதாவும் எழுதியிருக்கே. ஓடினது ஆட்டோதானேடி!

எல்லாத்தையும் விட, பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறின ராத்திரி எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. மறுநாள் பாலுக்குப் பதில் பால் கொண்டு வந்த பாட்டிகிட்ட இதை இங்கிலீஷ்ல விளக்கப் பார்த்தேன். கால் சரி, கை எப்படிம்மா ஓடும்னு என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அந்த 645-க்கும் சேர்த்துப் பழிக்குப் பழி வாங்கின மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு, வெட்கக்கேடுதான், போ.

இந்தக் கடிதத்தைப் பான்பரி ரோட்டுல ஒரு சிவப்புத் தபால் பெட்டி இருக்கு, அதுலதான் போடப் போறேன். அந்த அகராதியை ரொம்ப காலம் எடுத்து நடத்தின ஜேம்ஸ் மர்ரேயோட வீட்டு வாசல் அது. வார்த்தை வார்த்தையாச் சீட்டெழுதி ஊர் உலகமெல்லாம் அவருக்கு அனுப்பினதுல, தபால்காரங்க அவருக்காகவே அங்க ஒரு பெட்டி வச்சாங்க. தோட்டத்துத் தகரக் கொட்டகையில உட்கார்ந்து வேலை பார்த்த மனுஷன், அகராதி முடிஞ்ச 1928-ஐப் பார்க்காம 1915-லேயே போய்ச் சேர்ந்துட்டார், பாவம்.

சின்னவனுக்கு இப்போ தேவலை, ரசம் சாதம் கேட்கிறான். தபால் எடுக்க இன்னும் அரை மணிதான் இருக்கு, குடையைக் காணோம். அது சரி, அந்த ஆட்டோ யாருதுன்னு நீ எழுதவே இல்லையே?

உன்
ராஜி