ஜோப்ராவும் நம் தெருவும்

வணிக மேலாண்மை பயிலும் நம் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் வங்காள தேசம் சென்று கிராமீன் வங்கியின் பணிகளைக் கற்று வரப் போவதாகக் கூறி நம்மிடம் துஆக் கேட்டு வந்தார். இலண்டன் என்றிருந்தால் மகிழ்ந்திருப்போம். வட்டி வாங்கும் இடத்தில் என்ன கல்வி என்று முகம் சுளித்தோம்.

அவர் அடக்கத்தோடு விளக்கினார். 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்திற்குப் பின், சிட்டகாங் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் முஹம்மது யூனுஸ், தம் மாணவர்களுடன் அருகிலிருந்த ஜோப்ரா கிராமத்திற்கு நடந்தார். மூங்கில் முக்காலி செய்யும் பெண்கள், மூங்கில் வாங்கும் சிறுதொகைக்காகக் கடன் கொடுத்தோரிடம் சிக்கிக் கிடந்தனர். 1976இல் கணக்கெடுத்தபோது, 42 பேரை மீட்கத் தேவைப்பட்டது வெறும் 27 டாலர்! அதைத் தம் பையிலிருந்தே கொடுத்தார். 1983இல் அம்முயற்சி வங்கியாயிற்று.

“அந்தக் கணக்கை எடுத்துக் கொடுத்தது ஒரு மாணவிதான், ஹஜ்ரத்.”

வட்டி பற்றிய நம் கருத்து மாறவில்லை. ஆயினும், அதன் விலக்கலை முப்பதாண்டுகளாகப் பாடம் நடத்திய நாம், இதே பத்தமடையில் நம் தெருவில் கோரைப்பாய் நெய்யும் பெண்கள் யாரிடம் எவ்வளவு கடன்பட்டிருக்கின்றனர் என ஒருநாளும் கேட்டதில்லை.

துஆச் செய்து வழியனுப்பினோம். திரும்பியதும் நோட்டுப் புத்தகத்தோடு வரச் சொல்லியிருக்கிறோம். முதல் வீட்டுக்கு நாமும் உடன் செல்வோம்.